விமானம் தூங்கும் ஊர்

ஒரு விமான நிறுவனத்தின் ஊர் எது என்று தெரிய வேண்டுமானால் அதன் தலைமை அலுவலகத்தைப் பார்க்கக் கூடாது. விமானம் இரவில் எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும். அது நிற்கும் ஊரில் விமானியும் பணிப்பெண்களும் தங்கள் வீட்டிலேயே படுத்து எழும்புகிறார்கள். விடுதிச் செலவு இல்லை. விடியும்போது முதல் பறப்பு அங்கிருந்து கிளம்பும். அப்படிப்பட்ட ஊரைத் தளம் என்போம்.

எது லாபம் தரும் என்று ஒரு கணினி மாடலை வைத்துத் தளங்களுக்குப் புள்ளி போடுவது என் வேலை. ஆக்லாந்தில், எல்லர்ஸ்லியில், நெடுஞ்சாலைப் பக்கமாக ஒரு கட்டடத்தின் இரண்டாம் மாடியில் எட்டுப் பேர் இருந்தோம். எங்கள் வாடிக்கையாளர் ஐரோப்பாவில் ஒரு மலிவுக் கட்டண விமான நிறுவனம். அவர்கள் தூங்கும்போது நாங்கள் கணக்கிடுவோம். அவர்கள் எழும்பும்போது அறிக்கை அவர்கள் மேசையில் இருக்கும். நியூசிலாந்து அவர்களுக்குப் பயன்பட்டது அதற்காகத்தான்.

2016 ஜூனில் ராஜூ அண்ணை பதினொரு ஊர்களின் பெயர்களை எனக்கு அனுப்பினார். அவர் எங்கள் மேலாளர். ஈப்போக்காரர். கோலாலம்பூரில் விமானக் கட்டணம் நிர்ணயிக்கும் வேலையில் நெடுங்காலம் இருந்துவிட்டு வந்தவர்.

"யசி, இதுல நாலு தளத்த மூடணும். எந்த நாலுன்னு உன் மாடல் சொல்லட்டும்."

"ஏன் நாலு?"

"போலந்துல ரெண்டு ஊரு, ஸ்பெயின்ல ரெண்டு ஊரு, ஃப்ரீயா எறங்கிக்கன்னு சொல்லிருக்கான் லா. விளம்பரக் காசும் தரான். பிளேனுக்குச் சக்கரம் இருக்கு. ஏர்போர்ட்டுக்கு இல்ல. இந்தத் தொழில்ல அவ்வளவுதான் படிக்க வேண்டியது."

அவர் சொன்னது சரி. மலிவு விமானம் பயணிகளைத் தேடிப் போவதாகத்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். அது முதலில் தேடுவது ஏங்கிக் கிடக்கும் ஒரு நகரசபையை. இராணுவம் கைவிட்டுப்போன ஓடுபாதை ஒன்று இருக்கும். நகரசபை கடன் வாங்கி அதன் பக்கத்தில் ஒரு கட்டடம் எழுப்பியிருக்கும். விமானம் வராவிட்டால் அடுத்த தேர்தலில் முகம் காட்ட முடியாது. அந்த ஊரிடம் இறங்குகட்டணம் இல்லை என்று எழுதி வாங்கலாம். ஒப்பந்தம் முடியும் வருடத்தில் இன்னோர் ஊரின் பெயரைச் சொன்னால் போதும்.

பட்டியலில் எட்டாவது பெயர் ஆல்டன்ரூப். வட ஜெர்மனியில் ஒரு சிறிய ஊர். என் மகள் ஆரபி அங்கே இருந்தாள்.

சுகந்தினி இறந்தபோது ஆரபிக்கு இரண்டு வயது. சுகந்தினி ஆல்டன்ரூப்பில் வளர்ந்தவள். என்னைக் கட்டி ஆக்லாந்து வந்தவள். செத்தவீட்டுக்கு வந்த மாமி, சுகந்தினியின் அம்மா, திரும்பும்போது பிள்ளையையும் கொண்டுபோனார். பிள்ளைக்குத் தாயின் ஜெர்மன் பாஸ்போர்ட் இருந்தது, சிக்கல் ஒன்றும் இல்லை. "நீங்கள் கொஞ்சம் நிமிருங்கோ தம்பி. பிறகு பாப்பம்" என்றார். நான் தலையாட்டினேன். அந்த நாட்களில் யார் எதைச் சொன்னாலும் தலையாட்டினேன்.

ஆரபிக்குக் கிழமை நாட்களில் பாலர் பள்ளி. சனி ஞாயிறுதான் பிரச்சினை. மாமிக்கு அந்த இரண்டு நாளும் முதியோர் இல்லத்தில் சமையல் வேலை. மாமாவுக்கு இறைச்சித் தொழிற்சாலையில் இரட்டைச் சம்பள முறை. அதனால் கல்யாணி வருவாள். கல்யாணி சுகந்தினியின் தங்கை, லண்டனில் கணக்காளர். வெள்ளி பின்னேரம் விமானம் ஏறி ஆல்டன்ரூப் போவாள். பிள்ளையைக் குளிப்பாட்டி, பூங்காவுக்குக் கூட்டிப்போய், தமிழ் சொல்லிக்கொடுத்து, திங்கள் விடியற்காலை முதல் பறப்பில் திரும்புவாள். லண்டன் நேரம் ஒரு மணித்தியாலம் பின்னால் என்பதால் வேலைக்கு நேரத்துக்குப் போய்விடலாம். விமானம் ஆல்டன்ரூப்பில் தூங்கியதால்தான் அது முடிந்தது. தளத்தை எடுத்துவிட்டால், பாதை இருந்தாலும் முதல் பறப்பு மத்தியானம்தான்.

நியூசிலாந்தில் பிள்ளைகள் ஐந்து வயதில் பள்ளிக்குப் போகிறார்கள், பெரும்பாலும் பிறந்தநாளுக்கு அடுத்த நாளே. ஆரபிக்கு அடுத்த மே மாதம் ஐந்து. மே மாதம் போய்க் கூட்டிவருவேன் என்று சொல்லியிருந்தேன். மவுண்ட் ரோஸ்கில்லில் நான் வாடகைக்கு இருந்த வீட்டில், அறைகளுக்குப் போகும் ஓடையில், அவளுக்கு வாங்கிய கட்டில் அட்டைப்பெட்டிக்குள் கிடந்தது. தினமும் அதைத் தாண்டித்தான் குளியலறைக்குப் போனேன்.

ஒரு குளிர்காலம் அந்த விமானம் ஓடினால் போதும்.

இதை ராஜூ அண்ணையிடம் சொல்லவில்லை. மாடலை ஓட்டினேன். ஆல்டன்ரூப் கீழிருந்து மூன்றாவதாக வந்தது. மூடப்படும்.

இரண்டாம் நாள் காரணத்தைக் கண்டுபிடித்தேன். மாடல் சில நாட்களை விதிவிலக்கு என்று ஒதுக்கியிருந்தது. ஜூலையில் ஒரு வார இறுதி முழுக்க இருக்கைகள் நிரம்பியிருந்தன. எந்தக் காற்பந்துப் போட்டியும் இல்லை, கண்காட்சியும் இல்லை. ஏதோ தரவுப் பிழை என்று மாடல் அதை எறிந்துவிட்டது. எனக்குத் தெரியும். ஆல்டன்ரூப்பில் தொழிற்பேட்டைக்குள் ஒரு பழைய தளபாடக் கிட்டங்கி அம்மன் கோயிலாக இருக்கிறது. அது தேர்த் திருவிழா. லண்டனிலிருந்தும் பாரிஸிலிருந்தும் சனம் வரும்.

இன்னும் சில நாட்கள் இருந்தன. செவ்வாய்க்கிழமை பத்துப் பன்னிரண்டு பேர் ஒரே நாளில் பதிவு செய்து, புதன்கிழமை போய், ஞாயிறு திரும்பியிருந்தார்கள். கடைசி நேரக் கட்டணம், எல்லாவற்றிலும் கூடியது. அதையும் மாடல் எறிந்திருந்தது.

அந்த நாட்களைத் திரும்பச் சேர்த்தேன். ஆல்டன்ரூப் நான்கு படி மேலே ஏறியது. பொய் ஒன்றும் எழுதவில்லை. இரண்டு பக்கக் குறிப்பு எழுதி ராஜூ அண்ணையிடம் கொடுத்தேன்.

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படித்தார்.

"இது என்னா, பன்னெண்டு பேரு ஒரே நாள்ல?"

"செத்தவீடு."

"சாவு வீடா?" கொஞ்சம் யோசித்தார். "ஆமா லா. எங்க ஈப்போலயும் யாராச்சும் போயிட்டா நைட் பஸ்ஸுல சீட்டு கெடைக்காது. சரி, வெலை ஏத்துனா?"

"என்ன?"

"டிக்கெட் வெலைய ஏத்துனாலும் வருவாங்களா?"

சுகந்தினி இறந்த செய்தியைச் சொன்னபோது மாமா தொலைபேசியை வைத்துவிட்டு நேரே பயணச்சீட்டு எடுக்கப் போனார். மூன்று பேருக்கு. விலை கேட்கவில்லை. பிறகு ஒன்றரை வருடம் அந்தக் கடனைக் கட்டினார்.

"வருவினம். வந்துதான் ஆகவேணும்."

"அப்ப அத எழுது. அதான் இதுல உயிர்."

எழுதினேன். இந்தச் சமூகத்தின் பயணம் கட்டணத்தைப் பார்த்து மாறுவதில்லை. திருவிழாவுக்கும் மரணத்துக்கும் அவர்கள் எந்த விலையிலும் வருவார்கள். சுத்தமான ஆங்கிலத்தில் இரண்டு வரி. நான் எழுதியதில் நல்ல வரிகள் அவைதான்.

ஆகஸ்ட் நடுவில் முடிவு வந்தது. மூடப்படும் நான்கு ஊர்களில் ஆல்டன்ரூப் இல்லை. அன்றைக்கு நல்ல மழை. ராஜூ அண்ணை எல்லோருக்கும் தேங்காய்ப்பாலில் வெந்த நாசி லெமாக் சோறு வாங்கிவந்தார்.

"உன் நோட்ட கிளையண்ட் அவங்க போர்டு மீட்டிங்ல வாசிச்சிருக்கான். எத்தன வருசமா நான் எழுதுறேன், ஒரு தடவகூட வாசிச்சதில்ல."

"அப்ப குளிர்கால அட்டவணையில இருக்குதோ?"

"குளிர்காலத்துல எதுக்கு?" சம்பல் தொட்ட விரலைத் துடைத்தார். "நீதான காட்டுன, காசு எல்லாம் ஜூலைலதான்னு. அதனால சீசனல் ஆக்கிட்டான். மே டு அக்டோபர். தளம் கெடையாது, பிளேன் லண்டன்லேர்ந்து வந்துட்டுப் போகும். குளிருக்கு அந்த பிளேன் ஸ்பெயினுக்கு, மலாகா போவுது."

"செத்தவீடுகள் குளிர்காலத்திலதான் கூட."

"சாவு எப்ப வரும்னு முன்கூட்டியே சொல்ல முடியாது லா. திருவிழாவ முடியும்." என் முகத்தைப் பார்த்தார். "என்னா?"

"என்ர மகள் அங்க இருக்கிறாள்."

கரண்டியைக் கீழே வைத்தார்.

"ஜெர்மனின்னு சொன்ன. இந்த ஊருன்னு சொல்லலையே. ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தால்?"

"சொல்லிருந்தா இந்த வேலைய உங்கிட்ட தந்திருக்க மாட்டேன். நவின்கிட்ட தந்திருப்பேன்."

நவின் அடுத்த மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். சிங்கப்பூர்ப் பையன், கோயில் பக்கம் போகாதவன். அவனாக இருந்தால் அந்த வார இறுதியைத் தரவுப் பிழை என்றே விட்டிருப்பான். ஆல்டன்ரூப் நேரே மூடப்பட்டிருக்கும். எனக்கு வந்ததும் அதேதான். கூடுதலாக ஒரு பாராட்டு.

ஞாயிறு காலை கல்யாணி அழைத்தாள். அங்கே சனிக்கிழமை இரவுச் சாப்பாட்டு நேரம். பின்னால் மாமியின் சட்டிச் சத்தம் கேட்டது.

"அத்தான், கேள்விப்பட்டனீங்களோ? ஒக்டோபரோட பிளேன் நிக்குதாம்."

"ஓம்."

"அடுத்த வருசத் தேருக்கு டிக்கெட் இப்பவே விக்கிறாங்கள். பாத்தன். மூண்டு மடங்கு. எவனோ எங்கட திருவிழாவை அவங்களுக்குச் சொல்லிக் குடுத்திருக்கிறான். நாசமாப் போவான்."

நான் திரையிலிருந்து கண்ணை எடுத்தேன்.

"ஹம்பர்க் வந்து ரயில் பிடிச்சுப் பாத்தன். வெள்ளிக்கிழமை வீடு வந்துசேர நடுச்சாமம் ஆகுது. திங்கள் வேலைக்குப் போகேலாது. ஒவ்வொரு கிழமையும் ஏலாது அத்தான்." மூச்சு விட்டாள். "நானும் அவரும் கதைச்சனாங்கள். ஆரபியை லண்டனுக்குக் கொண்டுபோறம். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில இடம் இருக்குதாம். நவம்பரில சேர்க்கலாம்."

"மே மாதம் எண்டுதானே கதைச்சனாங்கள்."

"நீங்கள் மே மாதம் எண்டு சொல்லுறது இது மூண்டாவது மே."

ஓடையில் பெட்டி தெரிந்தது. அதன் ஒரு மூலை ஈரத்தில் உப்பியிருந்தது.

"பள்ளிக்கூடத்தில சேர்த்தால் பிறகு எழுப்பி இங்க கொண்டுவர ஏலாது, கல்யாணி."

"தெரியும். அதுதான் இப்ப சொல்லுறன்." குரலைத் தாழ்த்தினாள். "இன்னும் ரெண்டு மாதம் கிடக்கு. நீங்கள் வாங்கோ. நாளைக்கே வாங்கோ. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போங்கோ, ஒருத்தரும் மறிக்கேல்லை. ஏன் வரமாட்டியள்?"

ஐரோப்பாவில் நூற்றைம்பது ஊர்களுக்கு இடையில் எந்த மாதம் எந்தக் கட்டணம் என்று எனக்குத் தெரியும். ஆக்லாந்திலிருந்து ஜெர்மனிக்கு என்ன கட்டணம் என்று ஒருநாளும் பார்த்ததில்லை.

"அவள் சுகந்தினி மாதிரியே இருக்கிறாள் எண்டு மாமி சொன்னவ" என்றேன்.

"ஓம். அதுக்கு?"

நான் மறுபடி பெட்டியைப் பார்த்தேன்.  பிறகு, "பிள்ளையிட்டக் குடுக்கிறன்" என்றாள்.

ஆரபி திரைக்கு மிகக் கிட்ட வந்தாள். ஒரு கண்ணும் பாதி மூக்கும் தெரிந்தன. எங்களுக்குள் ஒரு விளையாட்டு உண்டு. வீட்டுக்கு மேலால் போகும் விமானம் இரவில் எங்கே தூங்கும் என்று நான் கேட்பேன், எங்கட ஊரில என்று அவள் சொல்வாள். அன்றைக்கு நான் கேட்கவில்லை. அவளே கேட்டாள்.

"அப்பா, பிளேன் இனி எங்க நித்திரை கொள்ளும்?"

"லண்டனில."

"நானும் லண்டனிலதான்" என்றாள். பிறகு ஜெர்மன் மொழியில் ஏதோ சொல்லிவிட்டு ஓடிப்போனாள். எனக்கு விளங்கவில்லை.

செப்டம்பர் போனது. ஒரு மாலை பயணச்சீட்டுப் பக்கத்தைத் திறந்து போகும் நாளை நிரப்பினேன். வயது வந்தோர் ஒருவர். திரும்பும் நாளில் ஒரு குழந்தையையும் சேர்த்தேன். குழந்தையின் பெயர், பிறந்த திகதி, குழந்தையுடனான உறவு எல்லாம் கேட்டது. நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கம் காலாவதியாகிவிட்டது என்று வந்தது. மறுபடி திறக்கவில்லை.

ஐரோப்பாவின் குளிர்கால அட்டவணை ஒக்டோபர் கடைசி ஞாயிறு தொடங்கும். அதற்கு முதல்நாள் பின்னேரம் ஆல்டன்ரூப்பிலிருந்து கடைசிப் பறப்பு. எனக்கு அது ஞாயிறு விடியல். வெளிச்சம் வந்துவிட்டது. பக்கத்து வீட்டுச் சமோவாக் குடும்பம் வெள்ளை உடுப்பில் தேவாலயத்துக்குப் போக வாகனத்தைத் துடைத்துக்கொண்டிருந்தது. நான் மடிக்கணினியில் பறப்புகளைக் காட்டும் வரைபடத்தைத் திறந்தேன்.

மஞ்சள் விமானம் ஓடுபாதையின் முனையில் நின்றது. பிறகு நகர்ந்தது. கல்யாணி முன்பே செய்தி அனுப்பியிருந்தாள்: ஏறிட்டம், யன்னல் சீட், அழேல்லை. மாமி வழியனுப்ப வரவில்லை என்றும் எழுதியிருந்தாள். வேலையாம்.

விமானம் கடலைத் தாண்டுவதைப் பார்த்தேன். தேநீர் போட்டேன், குடிக்கவில்லை. லண்டனை நெருங்கும்போது அது ஒருமுறை வட்டமடித்தது. அப்போது மட்டும் எழுந்து நின்றேன். பிறகு இறங்கியது. அட்டவணைக்கு முந்தியே.

கல்யாணியின் செய்தி வந்தது. "வந்திட்டம். நித்திரை, தோளில."

பதிலுக்கு "மே" என்று தட்டினேன். அதை அழித்தேன். "சரி" என்று அனுப்பினேன்.

வரைபடத்தை மூட மனம் வரவில்லை. பயணிகளை இறக்கி, குப்பை பொறுக்கி, அடுத்தவர்களை ஏற்ற இருபத்தைந்து நிமிடம். அதற்கு மேல் விமானம் தரையில் நின்றால் நட்டம். இருபத்தைந்தாவது நிமிடம் அது அசைந்தது. மலாகாவுக்கு. இருக்கைகள் நிறைந்திருக்கும். அந்தப் பாதைக்கும் நான்தான் புள்ளி போட்டேன்.