கடற்கரையில் நின்ற வரிசை

பெருநாள் விடுமுறையில் ஒரு காலைப்பொழுது, தோணி அவர்கள் நால்வரையும் வடக்குத்தீவில் இறக்கிவிட்டு ஊர் திரும்பிற்று. பொழுது சாயும்போது வந்து அழைத்துக்கொள்வதாகத் தோணிக்காரர் சொல்லியிருந்தார். ஆளில்லாத தீவு, கைப்பேசியும் அங்கே பயன்படாது. அப்படிப்பட்ட இடமே வேண்டுமென்று பிடிவாதம் பிடித்தவன் ஜௌஃபர். ஆண்டு முழுவதும் தலைநகர் மாலேயின் மாடியறையில் அடைந்துகிடப்பவன், தாழைக்காட்டினுள் நுழைந்து வௌவால்களைக் கலைத்தான். நடுவிலிருந்த குட்டையொன்றுக்குத் தன் பெயரையே சூட்டினான்.

"ஜௌஃபர் ஏரியாம்! கொசுதான் குடியிருக்கு," என்றாள் அவன் மனைவி ஃபாதின்.

"பொறாமைப்படாத. உன் பேருக்கும் ஒண்ணு தேடிட்டு வரேன்."

அவன் வெறுங்காலுடன் பவளத்திட்டின்மேல் நடக்கலானான். ஃபாதினின் அக்காள் நஹுலா, "செருப்பை மாட்டிட்டுப் போ தம்பி!" என்று கூவினாள்.

"தீவுக்காரன் காலுக்குச் செருப்பா, அக்கா?"

"மாலேல பொறந்தவனுக்கு நெனப்பைப் பாரு," என்று நஹுலாவின் கணவன் ரில்வான் நகைத்தான். அந்நகைப்பு அடங்குமுன் ஜௌஃபரின் அலறல் எழுந்தது.

கல்லைப்போல் அசையாது கிடக்கும் நச்சுமீன் ஒன்றை அவன் மிதித்திருந்தான். கரைக்குத் தூக்கிவந்து, மீன் சுட மூட்டிய தீயில் நீரைச் சுடவைத்துக் காலை அமிழ்த்தினர். வலி சற்றே தணிந்தது. வீக்கமோ தொடைவரை ஏறிற்று. நண்பகல் தொழுகை நேரம் கடந்தபோது அவன் உதடுகள் நீலம் பாரித்தன. மூச்சு துண்டுதுண்டாக வந்தது. தோணி வரும்வரை அவன் தாங்கமாட்டான் என்பதை மூவரும் அறிந்தனர்.

தீவை ஒட்டிய கடற்கால்வாயில் ஒரு தோணி தென்பட்டது. மூவரும் ஓடிச்சென்று கைகளை வீசிக் கத்தினர். தோணி நிறைய இளைஞர்கள். அவர்களும் கைவீசினர், மேளத்தை இன்னும் உரக்கக் கொட்டினர், போய்விட்டனர். அடுத்து ஒரு மீன்பிடித் தோணி வந்தது. ரில்வான் பச்சைத் தழைகளைத் தீயிலிட்டுப் புகையெழுப்பினான். தோணியின் முன்முனையில் நின்றவர் விரல்களை வாயருகே கொண்டுபோய், எங்களுக்கும் இரண்டு துண்டு எடுத்துவையுங்கள் என்று சைகை காட்டிச் சிரித்தார். அதுவும் போயிற்று.

"நாம என்ன பண்ணாலும் விருந்து மாதிரியேல்ல தெரியுது!" என்று நஹுலா தலையிலடித்துக்கொண்டாள்.

ரில்வான் அவள் பையிலிருந்த வெள்ளைத் தொழுகைத் துணியைப் பார்த்தான்.

"ஒண்ணு மட்டும் விருந்து மாதிரி தெரியாது. ஜனாஸாவைப் பார்த்துட்டு விலகிப் போற தோணி இந்தக் கடல்ல கிடையாது."

ஜௌஃபரைக் கிடத்தி, இறந்தவருக்கான தொழுகைபோல் வரிசையில் நிற்கச் சொல்கிறான் என்பது ஃபாதினுக்கு விளங்கச் சற்று நேரமாயிற்று. விளங்கியதும் அவள் எழுந்து நின்றாள்.

"உயிரோட இருக்கிறவருக்கா மையித்துத் தொழுகை? வாயைக் கழுவுங்க மச்சான்!"

"தொழப்போறதில்லம்மா. அல்லாஹு அக்பர்னு தக்பீர்கூடச் சொல்லமாட்டேன். சும்மா நிக்கத்தான் போறோம்."

"நிக்கிறது மட்டும் சும்மாவா? படைச்சவன் பார்த்துட்டு இருக்கான்!"

அப்பொழுது கண்ணைத் திறவாமலே ஜௌஃபர் முனகினான்: "ஃபாதின்... மொகத்தை மட்டும் மூடாத. மூச்சு முட்டுது."

அவள் துணியை வாங்கி அவன் மார்புவரை தன் கையாலேயே போர்த்தினாள்.

மணல்மேட்டின் உச்சியில் அவனைக் கிடத்தினர். ரில்வான் முன்னே நின்றான். பெண்கள் இருவரும் பின்னே நின்றனர். மக்காவின் திசையான கிப்லா நோக்கி நின்றமையால் கடல் அவர்கள் முதுகுப்புறம் ஆயிற்று. நெடுநேரம் சென்று எஞ்சின் ஒலியொன்று கேட்டது.

"திரும்பாத. தொழறவங்க திரும்பிப் பார்க்கமாட்டாங்க," என்று நஹுலா உதடசையாமல் சொன்னாள்.

ஃபாதின் கட்டிய கைகளைக் கட்டியபடியே நின்றாள். ஒருமுறை திரும்பிக் கையசைத்துவிட்டால் எல்லாம் பாழ். ஒலி நெருங்கியது; பிறகு மெலிந்தது; பிறகு அற்றுப்போயிற்று. போய்விட்டார்களா, நிறுத்தினார்களா? எதிரே வெள்ளைத்துணி ஏறி இறங்கிற்று. அடுத்த முறை ஏறுவதற்கு அது மிகவும் தாமதித்தது.

பின்னால் நீரைத் துழாவும் காலடிகள் கேட்டன. ஈரம் சொட்டச்சொட்ட அவளைக் கடந்துசென்ற சிலர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு ரில்வானுக்குப் பின்னே தோளோடு தோள் ஒட்டி நின்றனர்.

"உயிரிருக்கு," என்றான் ரில்வான், சட்டெனத் திரும்பி. "மீன் குத்திடுச்சு. தூக்குங்க!"

நரைத்த தாடிக்காரர் ஒருவர், "அடப்பாவி, இதை வெச்சா விளையாட்டு..." என்று தொடங்கினார். வீங்கிக் கறுத்த காலைக் கண்டதும் வாயை மூடிக்கொண்டு அதைத் தாங்கிப் பிடித்தார்.

வந்தவர்களின் சரக்குத்தோணி மருத்துவமனைத் தீவை அடையும்வரை ஃபாதின் கணவனைத் தூங்கவிடவில்லை. திட்டினாள், கன்னத்தில் தட்டினாள், 'ஜௌஃபர் ஏரி' என்று அவனைத் திரும்பத்திரும்பச் சொல்லச்செய்தாள்.

அந்தி மஃரிபு தொழுகைக்கு முன் மருத்துவர் வெளியே வந்தார். "பிழைச்சுட்டாரு. இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா நான் இதைச் சொல்லியிருக்க மாட்டேன்."

தாழ்வாரத்தில் சரக்குத்தோணிக்காரர்கள் இன்னும் போகாமல் அமர்ந்திருந்தனர். ஃபாதின் அவர்களெதிரே சென்று, "எங்களை மன்னிச்சிடுங்க," என்றாள்.

நரைத்த தாடிக்காரர் சங்கடத்துடன் தாடியைச் சொறிந்தார். "அதில்லம்மா. வரிசையில நின்னதும் நான் நெசமாவே அவருக்கு மையித்துத் தொழுகை தொழறதா மனசுல நிய்யத்து வெச்சுட்டேன். இப்ப அதை எப்படித் திருப்பி எடுக்கிறதுன்னுதான் புரியல."

"எழுந்து வரட்டும்," என்றாள் ஃபாதின். "அவரையே கேட்டுக்கோங்க."