பின்னோக்கிப் பதினோரு மைல்

1.

எங்கள் கெட்டில்பெக்கில் செட்ரிக் பூத்ராய்ட் என்றொருவர் இருக்கிறார். வயது எழுபத்தொன்பது. இருபத்து மூன்று வயதான தன் காரை ஒரு முழம்கூட முன்னால் நகர்த்தாமல், பதினோரு மைல் பின்னோக்கியே ஓட்டிக்கொண்டு போய், எம்.ஓ.டி. என்கிற வருடாந்தர வண்டிப் பரீட்சையில் தேறவைத்து, வழியில் நாற்பது முறை நன்றியும் வாங்கிக்கொண்டு, மத்தியானச் சூப் ஆறுவதற்குள் வீடு திரும்பிவிட்டார்.

நம்பவில்லை அல்லவா? நல்லது. நம்புகிறவர்களை வைத்துக்கொண்டு கதை சொல்வதில் எனக்கு ருசி இல்லை.

இந்தக் கதை எனக்குக் கிடைத்த இடம் மார்ஸ்பியில் லொரேனின் பட்டறை. வைப்பர் மாற்றப் போயிருந்தேன். காத்திருப்பவர்களுக்கான பெஞ்சில் செட்ரிக்கின் மனைவி மேவிஸ் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பாதிக் கதை மேவிஸ் சொன்னது. பாதி லொரேன் சொன்னது. மூன்றாவது பாதி நான் சேர்த்தது.

சேர்ப்பது என் பிறவிக்குணம். முப்பத்தொரு வருடம் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவன் நான். "பிரமாதமா ஓட்டுறீங்க" என்று நாள் முழுக்கப் பொய் சொல்லிப் பழகிய வாய் ஓய்வு பெற்றதும் அடங்கிவிடுமா?

அடக்குவதற்கென்றே எனக்கு ஒரு நண்பர் வாய்த்திருக்கிறார். கிளிஃபர்ட் இங்கில்பி. மாவட்டச் சாலைத் துறையில் அளவையாளராக இருந்தவர். பக்கத்துப் பள்ளத்தாக்கிலிருந்து வியாழக்கிழமை காலை பத்தரைக்கு வருவார். இரண்டு பிஸ்கட், ஒரு கோப்பைத் தேநீர். நான் எழுதியதை வாசித்தால், கேட்டுவிட்டு எதையாவது குறைப்பார்.

"கெட்டில்பெக்லேர்ந்து மார்ஸ்பிக்கு மூணே கால் மைல். பதினொண்ணு எங்கேர்ந்து வந்துச்சு?"

"பின்னால போறப்ப தூரம் கூடும்யா."

"ரோடு என்ன ரப்பரா? இது நடக்கவே இல்லை. கிழிச்சுப் போடு."

கிழிக்கவில்லை. மூன்றே கால் என்று மாற்றிக்கொண்டேன். (தலைப்பையும் முதல் பத்தியையும் மாற்றவில்லை. அவை என் சொத்து.)

2.

தொடக்கங்கள்:

'மழை பெய்துகொண்டிருந்த ஒரு காலை—'

(எங்கள் ஊரில் மழையை வைத்துத் தொடங்குவது, 'அன்றும் காற்று இருந்தது' என்று தொடங்குவது மாதிரி. அடித்துவிட்டேன்.)

'பியூலா என்று பெயர் சூட்டப்பட்ட அந்தக் காருக்கு, தன் தலையெழுத்து அன்று முடிவாகப்போவது தெரிந்திருக்க—'

(கார் யோசிக்காது என்கிறார் இங்கில்பி. பியூலாவைப் பற்றி இப்படிச் சொன்னது காதில் விழுந்தால் செட்ரிக் சண்டைக்கு வருவார். இருவருக்கும் நடுவில் நான் எதற்கு?)

சரி, இப்படித் தொடங்குகிறேன்:

ஒவ்வொரு ஞாயிறும் செட்ரிக்கும் மேவிஸும் பியூலாவில் ஏறி முப்பது மைல் தள்ளியிருக்கும் கடலுக்குப் போவார்கள். கடலைப் பார்த்தமாதிரி காரை நிறுத்துவார்கள். இறங்கமாட்டார்கள். கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றி, முட்டை சாண்ட்விச் தின்று, வைப்பரை அவ்வப்போது ஒரு வீச்சு வீசவிட்டு இரண்டு மணிநேரம் அலையைப் பார்ப்பார்கள். பியூலாவுக்கு முந்தைய மூன்று கார்களிலும் இதேதான். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கம் பஸ் கிடையாது.

போன வருடம் எம்.ஓ.டி.யில் பியூலா மயிரிழையில் தேறினாள். சான்றிதழில் 'கவனத்துக்கு' என்று ஒரு பகுதி உண்டு. தோல்வி இல்லை, ஆனால் நாளைக்கு நான் சொல்லவில்லையென்று சொல்லாதே என்று அர்த்தம். பியூலாவுக்கு அதில் ஒன்பது வரி. மேவிஸ் அதை ஃப்ரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டினாள்.

"அடுத்த வருஷம் இது தேறலைன்னா, சாவியைக் குடுத்துடணும் செட்ரிக். இந்த வயசுல இன்னொரு வண்டி வாங்கிப் பழக வேணாம்."

"தேறும்."

"கை குடு."

கொடுத்தார். எங்கள் பக்கத்தில் கை கொடுத்தால் கொடுத்ததுதான். வக்கீல், பத்திரம் எல்லாம் தெற்கத்திக்காரர்களுக்கு.

3.

செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணிக்குப் பரீட்சை. பழைய சான்றிதழ் திங்களோடு முடிந்துவிட்டது. சான்றிதழ் இல்லாத காரை, நேரம் குறித்துவைத்த பரீட்சைக்கு ஓட்டிப்போகலாம். வேறெங்கும் அசைக்கக்கூடாது. இந்த நேரத்தைத் தவறவிட்டால் லொரேனிடம் அடுத்த இடம் மூன்று வாரம் கழித்துத்தான். வராவிட்டாலும் தோல்விதான் என்று மேவிஸ் காலைச் சாப்பாட்டிலேயே சொல்லிவிட்டாள்.

பத்து பத்துக்குச் செட்ரிக் பியூலாவைக் கொட்டகையிலிருந்து பின்னால் எடுத்து ரோட்டில் நிறுத்தினார். முதல் கியர் போட்டார். கம்பி, கஞ்சிக்குள் விட்ட கரண்டி மாதிரி சுற்றியது. இரண்டாவது, மூன்றாவது, எதுவும் விழவில்லை. கடைசியில் ரிவர்ஸில் போட்டுப் பார்த்தார். 'ணக்' என்று விழுந்தது.

"என்ன, நிக்குது?" என்றாள் மேவிஸ். நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"முன்னால போகமாட்டேங்குது."

"பின்னால?"

"போகுது."

"மார்ஸ்பி எந்தப் பக்கம் இருக்கு?"

செட்ரிக் தலைக்கு மேலிருந்த கண்ணாடியைப் பார்த்தார். பள்ளத்தாக்கும் அதன் அடியில் மார்ஸ்பியின் கோபுரமும் அதற்குள் இருந்தன.

"பின்னாலதான்."

"அப்புறம் என்ன?"

(இங்கே எனக்கு மேவிஸின் மேல் சந்தேகம் வந்தது. கார் தோற்றால் ஜெயிப்பது அவள். அவள் ஏன் வழி சொல்கிறாள்? பாத்திரம் உதைக்கிறதே என்று நான்கு நாள் பேனாவை மூடிவைத்தேன். பிறகு கடையில் பார்த்தபோது நேராகவே கேட்டேன். என்னை ஒரு முட்டாளைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். "ஞாயித்துக்கிழமை நான் எங்க போவேன்?")

அடிக்குறிப்பு, வேண்டுமானால் தாண்டிப் போகலாம்: தேவைக்கு மேல் பின்னோக்கி ஓட்டக்கூடாது என்பது இந்த நாட்டுச் சட்டம். ஆயிரம் பேருக்கு நான் ஒப்பித்துக் கொடுத்தது. ஒரு போலீஸ்காரர் நிறுத்தியிருந்தால் செட்ரிக் சொல்லத் தயாராக வைத்திருந்த பதில்: "தேவை மூணே கால் மைல் ஐயா. அதுக்கு மேல ஒரு அடி ஓட்டமாட்டேன்."

4.

அந்த ரோடு ஒற்றைக் கார் அகலம். இரண்டு பக்கமும் கல் சுவர். அங்கங்கே, இரை விழுங்கிய பாம்பின் வயிறு மாதிரி, வழிவிடுவதற்காக ரோடு கொஞ்சம் புடைத்திருக்கும். எதிரெதிரே இரண்டு கார் வந்தால், புடைப்புக்குப் பக்கத்தில் இருப்பவர் பின்னால் போய் ஒதுங்குவார். மற்றவர் கடக்கும்போது கையை உயர்த்துவார். இங்கே திருடனுக்குக்கூட மன்னிப்பு உண்டு. கை காட்டாமல் போனவனுக்குக் கிடையாது.

செட்ரிக் கழுத்தைத் திருப்பி, நடக்கிற வேகத்தில் பியூலாவை இறக்கிக்கொண்டு வந்தார். பியூலா வாத்துக்கூட்டம் மாதிரி கத்தினாள். இரண்டாவது வளைவில், மேலே கெட்டில்பெக் பக்கத்திலிருந்து ஒரு பச்சைக் கார் வந்து பியூலாவின் முகத்துக்கு முகம் நின்றது.

அந்தப் பச்சைக் காரில் இருந்தவர் என்ன நினைப்பார்? யோசித்துப் பாருங்கள். எதிரே ஒரு கிழவர் ஏறி வந்துகொண்டிருக்கிறார், நம்மைப் பார்த்ததும் மரியாதைக்குப் பின்வாங்குகிறார். அப்படித்தானே?

கையை உயர்த்தினார்.

"யாரோ கை காட்டுறான் செட்ரிக்."

"நீயும் காட்டு. எனக்குக் கழுத்து திரும்பாது."

மேவிஸ் காட்டினாள். புடைப்பு வந்தது. பியூலா ஒதுங்கவில்லை. நிறுத்தினால் மறுபடி அந்த ஒற்றைக் கியரும் விழுமோ விழாதோ என்று செட்ரிக்குக் கிலி. தாண்டிப் போனார். பச்சைக் கார் திகைத்து, இன்னும் பெரிதாகக் கை காட்டியது. அடுத்த புடைப்பு, அதற்கும் அடுத்தது. நன்றி கூடிக்கொண்டே போனது. நாற்பது முறை—

(இதை இங்கில்பியிடம் வாசித்தபோது தேநீரைக் கீழே வைத்துவிட்டார். "எந்த மனுஷனாவது அவ்வளவு தூரம் பின்னாலயே போவானா? பச்சைக் கார்க்காரன் என்ன, மடையனா? நடக்காத காரியம்." இத்தனை சூடாக அவர் எதையும் மறுத்து நான் பார்த்ததில்லை.)

ஆனால் மார்ஸ்பியிலிருந்து மேலே வந்தவர்களுக்குத் தெரிந்த காட்சியே வேறு. ஒரு வயசான ஜோடி உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பின்னால் போகிறது. அவர்கள் மூக்கை முட்டுகிறமாதிரி ஒரு பச்சைக் கார் துரத்திக்கொண்டு வருகிறது. டிராக்டரை வயல் வாசலுக்குள் திணித்து வழிவிட்ட ஒரு விவசாயி எழுந்து நின்றே கத்தினார்:

"ஏய்! வெக்கமா இல்ல? கெழவனைப் போயி இப்படித் தள்ளிக்கிட்டு வர்றியே, உன் வண்டிக்கு ரிவர்ஸ் கியரே வைக்கலையா?"

அன்று மத்தியானத்துக்குள் பப்பில் செய்தி பரவிவிட்டது. பச்சைக் கார்க்காரனைக் கையில் கிடைத்தால் விடுவதில்லை என்று ஊரே கறுவியது. ஆள் மட்டும் அகப்படவில்லை.

5.

பத்து ஐம்பத்தேழுக்குப் பியூலா மார்ஸ்பி பட்டறை முற்றத்துக்குள் பின்பக்கமாக நுழைந்தாள்.

"கண்ணு, வண்டியைத் திருப்பி முன்பக்கமா உள்ள விடு" என்றாள் லொரேன். பாதிரியாரிலிருந்து போலீஸ் வரை எல்லாரும் அவளுக்குக் கண்ணுதான்.

"இது ஒரு பக்கம்தான் போகும்."

"எங்கேர்ந்து இப்படி வர்றீங்க?"

"வீட்லேர்ந்து" என்றாள் மேவிஸ். "நன்றி சொல்லிச் சொல்லி எனக்குக் கை வலிக்குது."

லொரேன் பரீட்சைப் பட்டியலை எடுத்துப் படித்தாள். பிரேக் இருக்கிறது, விளக்கு இருக்கிறது, டயர், புகை, சீட் பெல்ட், ஹாரன்கூட இருக்கிறது. சோதிக்கவேண்டியவற்றில் கியர் பெட்டி மட்டும் இல்லை. கார் எந்தப் பக்கம் போகவேண்டும் என்று அந்தப் பட்டியலில் எங்குமே எழுதவில்லை.

"சரி, ஆளுக்கு ஒரு பக்கம் தள்ளுங்க கண்ணு."

பிரேக் சோதிக்கும் உருளைமேல் தள்ளி ஏற்றினார்கள். செட்ரிக் பெஞ்சில் உட்காரவில்லை. முற்றத்தில் நின்று, நுனிக்காலில் எழும்பி எழும்பி, மூடிய கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பத்தைந்து நிமிடம். (வாசகரே, நான் மிகைப்படுத்தாத ஒரே எண் இது. அந்த நாற்பத்தைந்து நிமிடத்துக்கு மேல் எதையும் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை.)

லொரேன் காகிதத்தோடு வந்தாள். 'கவனத்துக்கு' பன்னிரண்டு வரி.

"பன்னிரண்டா?" என்றார் செட்ரிக்.

"தேறிட்டா கண்ணு."

மேவிஸ் கைப்பையைத் திறந்து எதையோ தேடுகிறமாதிரி வெகுநேரம் தேடினாள்.

பரீட்சைக்குப் பிறகு லொரேன் அடியில் படுத்துப் பார்த்தாள். கியர்க் கம்பியின் மூட்டில், விரல் நகம் அளவு ஒரு பிளாஸ்டிக் வளையம் உடைந்திருந்தது. பத்து நிமிட வேலை. பியூலா முன்பக்கமாக வீட்டுக்குப் போனாள்.

6.

இப்போது முடிவு.

முடிவு அ: ஞாயிற்றுக்கிழமை. கடல். பிளாஸ்க். இரண்டு மணிநேரம். செட்ரிக் காரை வழக்கத்துக்கு மாறாகக் கடலுக்கு முதுகு காட்டி நிறுத்துகிறார். திரும்பும்போது ரிவர்ஸ் போடவேண்டியதில்லையே என்று.

முடிவு ஆ: பச்சைக் கார்க்காரன் ஒரு நாள் கதவைத் தட்டி, "ஐயா, நீங்கள்தான் இந்தப் பள்ளத்தாக்கின் கடைசிக் கனவா—" (இல்லை. அழவைக்கப் பார்க்கிறேன். அடித்தாயிற்று.)

முடிவு இ: அடுத்த வருடப் பரீட்சை. அதற்கு இன்னும் ஏழு மாதம் இருக்கிறது. நான் காத்திருக்கத் தயார், பதிப்பாளர் தயாரில்லை.

எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குக் கொண்டுபோங்கள். எனக்குத் தெரிந்தது முற்றத்து வாசல் வரைக்கும்தான் என்று எழுதி முடித்து, போன வியாழக்கிழமை இங்கில்பிக்கு முழுக்கதையையும் முதல்முறையாக ஒரே மூச்சில் வாசித்தேன். உடைந்த வளையம் வரும்வரை வழக்கம்போல் முறைத்துக்கொண்டிருந்தார். அதைக் கேட்டதும் முகம் மாறிப்போயிற்று.

"அப்ப கியர் நெசமாவே போச்சா?" என்றார்.

"ஆமா."

"வழிவிடலையா அவரு?"

"மார்ஸ்பிக்குப் போனாருய்யா. அவ்வளவுதான்."

ஜன்னல் வழியாக என் வாசலில் நின்ற தன் சாம்பல் நிறக் காரைப் பார்த்தார். அது புதுசு. செட்ரிக்கின் பரீட்சை நடந்த அதே வசந்தத்தில்தான் காரணம் சொல்லாமல் வாங்கினார். முன்னால் வைத்திருந்ததன் நிறம் எனக்கு நன்றாகவே தெரியும். மரியாதைக்குக் கேட்காமல் இருந்தேன்.

"என் ஆயுசுல யாரும் எனக்கு அவ்வளவு தூரம் வழிவிட்டதில்லைன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்" என்றார். "அந்த டிராக்டர்காரன் திட்டினப்பகூட, ஏதோ ஒரு பெரிய மனுஷனுக்காக வாங்கிக்கட்டிக்கிறோம்னுதான்..." பிஸ்கட் தேநீருக்குள் உடைந்து விழுந்தது. அவர் எடுக்கவில்லை. என் காகிதத்தை இழுத்து, பேனாவைக் கேட்டு வாங்கி, 'நாற்பது' என்ற சொல்லின் மேல் நேராக ஒரு கோடு போட்டார்.

"நடந்துச்சு. எழுதிக்கோ. ஆனா அந்த ரோட்ல புடைப்பு மொத்தமே ஏழு. நானே அளந்து போட்டது. ஏழு தடவைதான் நான் கை காட்டினேன்."