ஒலிக்கு ஒதுக்கிய வாரங்கள்

பள்ளிக்கூட வாசலைக் கண்டாலே சின்னவன் வாந்தி எடுத்தான். கெஞ்சிப் பார்த்தார்கள், மிரட்டிப் பார்த்தார்கள், டாக்டரிடமும் காட்டினார்கள். ஒன்றும் பலிக்கவில்லை. கடைசியில், வீட்டிலேயே படிக்கட்டும் என்று முடிவானது. "அவனுக்கு மட்டும் என்ன ஸ்பெஷல்?" என்று பெரியவளும் புத்தகப்பையைக் கழற்றி மூலையில் போட்டாள். ஆக, பிள்ளைகள் இரண்டு, வாத்தியார்கள் இரண்டு. கணக்கும் மொழியும் எனக்கு என்று கணவன் முந்திக்கொண்டான்.

"அப்போ சயின்ஸ்?" என்றாள் மனைவி.

"நீதான் மருந்துக்கடைல இருக்கியே."

"நான் அங்க பில்லு போடுறவ. படிச்சது காமர்ஸ்!"

"நாலு மாத்திரை பேராவது தெரியும்ல? எனக்கு அதுவும் தெரியாது."

அப்படித்தான் அறிவியல் அவள் தலையில் வந்து விழுந்தது. கணவன் அச்சகத்தில் மெஷின் ஓட்டுபவன். தப்பாக அச்சான பெரிய தாள்களைச் சுருட்டிக்கொண்டு வந்து கொடுத்தான். அவற்றின் வெற்றுப் பக்கத்தில் அவள் வருடத் திட்டம் போட ஆரம்பித்தாள். தாவரம், உடம்பு, காந்தம், மழை என்று தாள் நிரம்பியது. எதற்குப் பின் எது என்பதில்தான் குழப்பம். வேறு ஊரில் அறிவியல் ஆசிரியையாக இருக்கும் நாத்தனாரைக் கூப்பிட்டாள்.

"முதல்ல வெப்பம், அப்புறம் ஒளி. ஒலி கடைசிலதான் வரணும். வரிசை மாறினா அடித்தளமே ஆடிடும்மா" என்றார் நாத்தனார், வகுப்பில் பேசுகிற அதே குரலில்.

"சரிக்கா, சரிக்கா" என்று சொல்லி வைத்தவள், அன்று சாயங்காலமே வரிசையை மாற்றினாள். காரணம், மாடி வீட்டில் யாரோ குழாயைத் திறக்க, இவர்கள் வீட்டுச் சுவர் நீளமாக ஒரு முறை ஊளையிட்டது. சின்னவன் சுவரில் காதை ஒட்டவைத்துக்கொண்டு நகரவே மாட்டேன் என்றான். "அம்மா, தண்ணி ஏன் அழுவுது?" பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து அவனாக வாயைத் திறந்து கேட்ட முதல் கேள்வி அது. வெப்பமாவது ஒளியாவது! மூன்று வாரம் ஒலிக்கே என்று தாளில் கொட்டை எழுத்தில் எழுதினாள்.

தனக்கே தெரியாததைப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருவதற்கு ஒரு நாள் முன்பே படித்துக்கொள்வது அவள் வழக்கமானது. கடையில் கூட்டம் இல்லாத மதியங்களில் பில் மெஷினுக்குப் பக்கத்தில் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொள்வாள். ஸ்பூனை நூலில் கட்டி, நூலின் இரு முனைகளையும் காதுகளில் அழுத்திக்கொண்டு மேஜையில் இடித்தபோது, சாதாரண ஸ்பூன் கோபுர மணி மாதிரி முழங்கியது. பிள்ளைகளைவிட அவள்தான் அதிகம் துள்ளினாள். இதை ஏன் எனக்கு யாருமே பள்ளிக்கூடத்தில் காட்டவில்லை என்று ஆற்றாமையாகக்கூட இருந்தது.

இரண்டாவது வாரம், ஞாயிற்றுக்கிழமை. சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதை நமக்கு இரண்டு காதுகளும் சேர்ந்துதான் சொல்கின்றன என்பது பாடம். நடுக்கூடத்தில் ஒரு நாற்காலி. உட்காருகிறவர் கண்ணைத் துணியால் கட்டிக்கொள்ள வேண்டும். மற்றவர்கள் சத்தமில்லாமல் போய் நின்று இரண்டு ஸ்பூன்களைத் தட்டுவார்கள். எங்கிருந்து என்று கையை நீட்டிக் காட்ட வேண்டும்.

பெரியவள் எல்லாவற்றையும் சரியாகக் காட்டினாள். சின்னவன் ஒரு தடவை தடுமாறினான், அதுவும் சிரிப்பு தாங்காமல். அவள் முறை முடிந்ததும், செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த அப்பாவைப் பிள்ளைகள் இழுத்துவந்து உட்காரவைத்தார்கள்.

பெரியவள் இடது பக்கம் தட்டினாள். அவன் வலது பக்கம் கையை நீட்டினான். சன்னலருகே தட்டினாள். மறுபடியும் வலது பக்கம். அவனுக்குப் பின்னால் இடது தோளருகே வந்து தட்டினாள். கை மறுபடி வலப்பக்கம், சமையலறையை நோக்கிப் போனது.

"அப்பா, விளையாடாதீங்கப்பா! ஒழுங்கா சொல்லுங்க!"

"ஒழுங்காத்தான் சொல்றேன்" என்றான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். ஆனால் அந்தச் சிரிப்பு உதட்டோடு நின்றுபோனதை அவள் பார்த்தாள். வேடிக்கை காட்டுகிறவன் முகம் அப்படி இருக்காது.

சின்னவன் மெதுவாகப் போய், அப்பாவின் இடது காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்து ஏதோ கிசுகிசுத்தான். அப்பா அசையவில்லை. சுற்றிவந்து வலது காதில் அதையே சொன்னான். "ஐயோ, என்னடா இது!" என்று அப்பா குலுங்கிச் சிரித்தான். சின்னவன் நிமிர்ந்து, கண்டுபிடித்துவிட்ட பெருமையோடு அறிவித்தான்: "அம்மா, அப்பாவுக்கு இந்தப் பக்கம் கேக்கல."

கண்கட்டை அவிழ்க்காமலேயே கணவன் உட்கார்ந்திருந்தான்.

பிள்ளைகளை மாடியில் காயும் துணிகளை எடுத்துவர அனுப்பிவிட்டு, அவள் சமையலறையில் அவனை நிறுத்தினாள்.

"எவ்வளவு நாளா?"

"ஒரு வருஷத்துக்கு மேல இருக்கும். மெஷின் சத்தத்துல முதல்ல தெரியல. அப்புறம் தெரிஞ்சது."

"சொல்றதுக்கு என்ன? வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்தீங்க?"

"நீ ஏற்கனவே பையன நெனச்சு சரியா தூங்கறதில்ல. இதுல நான் வேற எதுக்குன்னு..." தலையைச் சொறிந்தான். "அதோட, காது போச்சுன்னு தெரிஞ்சா அச்சகத்துல என்ன சொல்வாங்களோன்னு ஒரு பயம்."

நடக்கும்போதெல்லாம் எதற்காக அவளைத் தன் வலது பக்கம் இழுத்துக்கொண்டான், பேருந்தில் எதற்காக இடம் மாறி உட்கார்ந்தான் என்பதெல்லாம் இப்போது வரிசையாக விளங்கியது. எத்தனை தடவை, "நான் என்ன சுவத்துக்கிட்டயா பேசுறேன்?" என்று கத்தியிருக்கிறாள். அழுகையும் கோபமும் சேர்ந்து வர, எது முதலில் வரட்டும் என்று தெரியாமல் நின்றாள்.

"அப்போ நான் இத்தனை நாளா திட்டினதெல்லாம் வீணா?"

"அது எப்படி வீணாகும்? நீ திட்டுறது மட்டும் எந்தப் பக்கம் நின்னாலும் கேட்டுடுது."

கையிலிருந்த கரண்டியால் அவன் தோளில் ஒன்று வைத்தாள். பிறகு அந்தத் தோளிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

மறுநாள் காது மருத்துவரிடம் நால்வரும் போனார்கள். பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகலாம் என்றவளிடம், "கண்டுபிடிச்சது நாங்கதானே?" என்று பெரியவள் வழக்காடி ஜெயித்துவிட்டாள். மருத்துவர் இசைக்கவை என்னும் இரு கிளை உலோகக் கோலைத் தட்டி அவன் நெற்றி நடுவில் வைத்து, சத்தம் எந்தப் பக்கம் கேட்கிறது என்றார். வலது பக்கம் என்றான். காது அல்ல, உள்ளே இருக்கும் நரம்புதான் சோர்ந்திருக்கலாம் என்றார் அவர். ஸ்கேன் எடுத்தார்கள். அதன் முடிவு வரும்வரை அவளுக்குச் சோறு இறங்கவில்லை. பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் போனது திரும்பாது, காதில் கருவி வைத்தால் நன்றாகச் சமாளிக்கலாம், மெஷின் பக்கம் போகும்போது காதுக்கு மூடி போடாமல் போகவே கூடாது என்றார். அதற்குள் சின்னவன் இசைக்கவையைத் தன் நெற்றியில் வைக்கச் சொல்லி நச்சரித்து, இரண்டு தடவை வைத்துக்கொண்டும்விட்டான்.

அச்சகத்தில் அவன் பயந்தபடி ஒன்றும் நடக்கவில்லை. முதலாளி பாதுகாப்பு மூடிகள் வாங்கி எல்லோருக்கும் கொடுத்தார். "முன்னாடியே கேட்டிருக்கலாம்லப்பா" என்று கடிந்தும் கொண்டார்.

கருவி பொருத்திய அன்று வீட்டுக்கு வந்தவன் ஒரு இடத்தில் உட்காரவில்லை. ஃப்ரிட்ஜ் முன்னால் போய் நின்றான். விசிறியை அண்ணாந்து பார்த்தான். பெரியவள் தாள் கிழித்த சத்தத்துக்குத் திடுக்கிட்டான். "ஏம்மா, நம்ம வீடு இவ்வளவு சத்தமாவா இருக்கும்? இதுல எப்படி நீங்கல்லாம் தூங்கறீங்க?" பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

விஷயம் கேட்டு ஃபோனிலேயே அழுத நாத்தனார், அடுத்த வாரம் பெட்டியோடு வந்து இறங்கினார். தம்பியின் காதை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "சொல்லாம மறைச்சல்ல, திருடா" என்று முதுகில் ஒரு அடி போட்டார். பிறகு அவளோடு மேஜையில் உட்கார்ந்து, திட்டத் தாளை விரித்தார்.

"வரிசையை மாத்தினது நல்லதாப் போச்சு, ஒத்துக்கறேன். அதுக்காக மிச்சத்தையும் உன் இஷ்டத்துக்கு விட மாட்டேன்."

"சரிக்கா, நீங்களே சொல்லுங்க. அடுத்தது என்ன?"

நாத்தனார் தாளைத் தூக்கிப் பிடித்தார். கண்ணைச் சுருக்கினார். கொஞ்சம் தள்ளிப் பிடித்தார். இன்னும் தள்ளி, கை முழுவதும் நீளும் தூரத்துக்குக் கொண்டுபோனார். எதிரே உட்கார்ந்திருந்த பெரியவளும் சின்னவனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"கண்ணு!" என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

"என்ன கண்ணுங்களா?" என்று பாசமாகக் கேட்டார் அத்தை.

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு பேனாவை எடுத்தாள்.