வெள்ளைத் துண்டு

வியாழக்கிழமை தேங்ஸ்கிவிங் பண்டிகைச் சாப்பாட்டின்போதுதான் அந்தச் சொல், கல்லூரியிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த கைசாவின் வாயிலிருந்து நழுவியது. வான்கோழிக் கறியை இரண்டாம் முறை போட்டுக்கொண்டே, "அம்மா, இந்தச் சனிக்கிழமை சானா உண்டுதானே?" என்று கேட்டுவிட்டாள்.

அப்பா ரூடியின் முள்கரண்டி பாதியில் நின்றது. தங்கை இனா மெதுவாகத் தலையைத் தூக்கினாள்.

"என்னது? சானாவா?"

சூடான கற்களில் தண்ணீர் ஊற்றி எடுக்கும் அந்த நீராவிக் குளியலைச் சவ்னா என்றுதான் சொல்ல வேண்டும். மிச்சிகனின் வடகோடியில், பின்லாந்துக்காரர்களின் பேரப்பிள்ளைகள் வாழும் அந்த ஊரில், பேச்சு வராத குழந்தைகூட அப்படித்தான் மழற்றும். கல்லூரி விடுதியில் கைசா அப்படிச் சொன்னபோது அறைத்தோழிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதன்பின் அவர்கள் சொல்கிற மாதிரியே பழகிக்கொண்டாள். அதற்குப் பதின்மூன்று வாரம் போதுமாக இருந்தது.

அப்புறம் இனா விடவில்லை. சீமாட்டிக்குக் காபியில் பால் போடலாமா, சீமாட்டி ஏலக்காய் ரொட்டி சாப்பிடுவாரா என்று வெள்ளிக்கிழமை முழுக்கக் கேட்டுக்கொண்டே இருந்தாள். மான் வேட்டைக்குப் போய் வெறுங்கையோடு திரும்பிய அப்பாவும் தன் பங்குக்கு, மான் ஒன்று வந்ததாகவும், சானா எந்தப் பக்கம் என்று கேட்டுவிட்டுப் போய்விட்டதாகவும் சொன்னார். கைசாவும் சிரித்தாள். நாலாவது தடவைதான் சிரிக்க வரவில்லை.

சனிக்கிழமை மதியம் கொல்லையில் இருக்கும் சவ்னா மரக்குடிலின் புகைபோக்கியில் புகை எழுந்தது. பூர்ச்ச மர விறகு எரியும் வாசனை மாடிவரை வந்தது. கைசா தன் அறைக்குள் போனாள். கட்டிலின் மேல், மடிப்புக் கலையாமல், நீலக்கரை போட்ட வெள்ளைத் துண்டு இருந்தது.

அது விருந்தாளிகளின் துண்டு. பாதிரியார் வந்தால் எடுப்பார்கள். விருந்தாளிதான் முதலில் குளிப்பார்; அடுப்புக் கற்கள் கொதிக்கும்போது அவருக்கு முதல் ஆவி. அப்புறம் அப்பா, அம்மா. கடைசியில் கைசாவும் இனாவும். கடைசியாகப் போகிறவர்கள் பெஞ்சுகளைத் தேய்த்துக் கழுவி, அடுத்த வாரத்துக்குச் சுள்ளி அடுக்கிவிட்டு வர வேண்டும். அந்த வேலைக்காகச் சின்ன வயதில் கைசா எத்தனை முறை அழுதிருப்பாள். ஆனால் அந்த ஆறிய சூட்டில்தான் இருவரும் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, பள்ளிக்கூடத்தில் ஒருவரிடமும் சொல்லாததையெல்லாம் சொல்லிக்கொண்டார்கள்.

துண்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்கு இறங்கினாள். அம்மா ஹில்யா உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள்.

"இது எதுக்கும்மா?"

"நீ முதல்ல போயிட்டு வா. பத்து மணி நேரம் பஸ்ல வந்தவ. நல்ல சூடா இருக்கும்."

அம்மாவின் குரலில் கேலியே இல்லை. கேலி இருந்திருந்தால் தாங்கியிருப்பாள்.

"நான் இனாவோட போறேன்."

"அதுக்குள்ள சூடு போயிடும்டி."

"இருக்கிறது போதும்மா."

துண்டை மேசை மேல் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

அக்கா தங்கையின் முறை வந்தபோது வெளியே இருட்டிக்கொண்டிருந்தது. குடில் வாசலில் மூன்றாவது ஆணி கைசாவுடையது. அதில் தொங்க வேண்டிய சாம்பல் நிறத் துண்டு, மூலையில் ஓட்டை விழுந்தது, இனாவின் தோளில் கிடந்தது.

"அது என்னோடது."

"சும்மா தொங்கிட்டிருந்துச்சு. எடுத்துக்கிட்டேன்."

"உனக்குன்னு ஒண்ணு இருக்கே."

இனா உள்ளே போய் மேல் பெஞ்சில் ஏறிக்கொண்டாள். கைசா கற்களில் ஒரு கரண்டித் தண்ணீர் ஊற்றினாள். சீறல் பலமாக இல்லை, பெருமூச்சு மாதிரி ஆவி வந்தது. 

"நான் போனப்புறம் பெஞ்சை யாரு கழுவுறா?"

"வேற யாரு? நான்தான். பதிமூணு சனிக்கிழமை." இனா முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டாள். "தனியா உட்கார்ந்தா இந்த இடம் எவ்வளவு பெரிசா இருக்கு தெரியுமா?"

கைசா நகர்ந்து அவளோடு ஒட்டி உட்கார்ந்தாள். விடுதியில் சிரித்த தோழிகளைப் பற்றி, அதுவரை ஒருவரிடமும் சொல்லாததை, அப்போதுதான் சொன்னாள். தானும் அவர்களோடு சேர்ந்து சிரித்ததையும் மறைக்கவில்லை.

இனா யோசித்தாள். "அவளுங்களைக் கூட்டிட்டு வா. முதல் சூட்டுல உட்கார வைப்போம். அப்புறம் யாரு சிரிக்கிறான்னு பார்க்கலாம்."

எழுந்தவள் சாம்பல் துண்டை உருவி அக்காவின் மேல் எறிந்தாள்.

"பெஞ்சு கழுவுறவளுக்குத்தான் அது."

கைசா துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு தேய்க்கும் பிரஷைத் தேடினாள். அது பழைய இடத்திலேயே, வாளிக்குப் பின்னால் இருந்தது. பெஞ்சுகளைக் கழுவிவிட்டுச் சுள்ளி அடுக்கினாள். ஒரு வாரத்துக்குத் தேவையானதைவிட உயரமாகவே அடுக்கினாள். ஈரத்துண்டை மூன்றாவது ஆணியில் மாட்டிவிட்டு, தலையில் ஆவி பறக்க, இனாவின் பின்னால் பனியில் ஓடினாள்.

சமையலறை மேசையில் வெள்ளைத் துண்டைக் காணோம். அம்மா அதை அலமாரியில் வைத்துவிட்டிருந்தாள்.

"எப்படி இருந்துச்சு சவ்னா?"

"ஆறிப்போயிருந்துச்சும்மா," என்றாள் கைசா. "அடுத்த தடவையும் எங்களுக்கு அப்படியே விட்டு வையுங்க."