சாந்தகுமாரி சொன்ன ஓம்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். விந்தணுவை வைத்துக் கதை எழுதுவேன் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. ஒரு சொல்லைத் துரத்திக்கொண்டு போனேன். அது என்னை 1996-இல், ஆக்லாந்து நகர மையத்தில், ஓர் ஆய்வுக்கூடத்தில் கொண்டுபோய் நிறுத்தியது.

முதல் தொடக்கம்: மழை பெய்துகொண்டிருந்தது. சாந்தகுமாரி குடையை

(வேண்டாம். ஆக்லாந்தில் மழை ஒரு செய்தியா?)

இரண்டாவது: புற ஊதா விளக்கின் மேல், கூழ்த் தகட்டில் ஒரு கீற்று ஒளிர்ந்தது.

இதுதான். எனக்கே கை பரபரக்கிறது.

2

கருமுட்டையில் ஒட்டிக்கொள்ள விந்தணுவுக்கு ஒரு புரதம் வேண்டும். அதற்கான மரபணு விந்தணு வளரும்போதே விழித்துக்கொள்கிறது என்பது ஆராய்ச்சி மாணவி சாந்தகுமாரியின் கட்சி. (முதிர்ந்த விந்தணுவால் புதிதாக எதையும் எழுத முடியாதாம். சில எழுத்தாளர்களைப் போல. என்னைச் சொல்லவில்லை.) இரண்டு வருட உழைப்புக்கு, மரபணு விழித்திருந்தால் மட்டும் ஒளிரும் அந்தக் கீற்றுதான் சாட்சி.

அவளுடைய ஆய்வை மேற்பார்க்கும் பேராசிரியர் ஒன்றே ஒன்று கேட்டார். "விந்தணுவோடு பக்கத்துச் செல்கள் எதுவும் கலக்கவில்லை என்று பார்த்தாயா? கலந்திருந்தால் கீற்று அவற்றுடையதாகவும் இருக்கலாம்."

போன மாதமே பார்த்திருந்தாள். சந்தோஷத்தில் வாயில் யாழ்ப்பாணம் வந்துவிட்டது. "ஓம்."

அவர் காதில் அது, ஆங்கிலத்தில் தயங்குகிறவர்கள் இழுக்கும் "அம்..." என்று விழுந்தது. "அப்படியானால் திங்கட்கிழமைக் கூட்டத்தில் இது வேண்டாம்" என்று போய்விட்டார்.

3

"யெஸ்னு சொல்ல வேண்டியதுதானேக்கா?" என்றாள் பக்கத்து மேசை சுந்தரி, மதுரைக்காரி. "நானே நீங்க சாமி கும்பிடுறீங்கன்னு நினைச்சேன்."

"இப்ப போய்ச் சொன்னா, அந்தச் சோதனையின்ர படம் எங்கையெண்டு கேப்பார். ஒரு கீற்றும் தெரியாத வெறும் தடத்தை ஆர் படமெடுக்கிறது? நான் எடுக்கேல்லை."

"நிஜமாவே பாத்தீங்கல்ல?"

சாந்தகுமாரி வாயைத் திறந்தாள். "ஓ..."

இந்த முறை உண்மையிலேயே இழுத்தாள்.

4

உறைபெட்டியில் ஆய்வு மாதிரியில் கடைசித் துளி ஒன்றுதான் மிச்சமிருந்தது. ஒரே ஒரு சோதனைக்குத்தான் வரும்.

நான் எழுதிய ஒரு முடிவில் பேராசிரியர் மன்னிப்புக் கேட்டார். அதை அடித்துவிட்டேன், அவர் அப்படிப்பட்ட ஆளில்லை. இன்னொன்றில் அவள் துளியைப் பத்திரப்படுத்திவிட்டு வாயை மூடிக்கொண்டாள். அதைக் கிழித்தே போட்டேன்.

துளியைச் செலவழித்தாள்.

திங்கட்கிழமை காலை. கூட்டத்துக்கு அரைமணி நேரம். விளக்கின் மேல் இரண்டு தடங்கள். இடதில் விந்தணுவின் மரபணு. அது ஒளிர வேண்டும். வலதில், பக்கத்துச் செல்களுக்கு மட்டுமே உரிய மரபணு. அது இருட்டாகவே இருக்க வேண்டும். சாந்தகுமாரி கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள்.

"நீரே பாரும். வலது பக்கம் வெறுமையோ?"

சுந்தரியை நான் மெல்ல நகர்த்திவிட்டு அந்த இடத்தில் உங்களை நிறுத்தியிருக்கிறேன். குனிந்து பாருங்கள். அவள் காத்திருக்கிறாள்.

எதைச் சொன்னாலும், தயவுசெய்து, இழுக்காமல் சொல்லுங்கள்.