தேறினால் போகலாம்

பல்கலைக்கழகத்தில் படிப்பு மாறுவதற்கான விதிகளை எழுதியது யாரென்று யாருக்கும் தெரியாது. யாராக இருந்தாலும், அந்த மனிதர் தன் வாழ்க்கையில் எதையும் தப்பாகத் தேர்ந்தெடுத்தவராக இருக்க முடியாது. ஒரு துறையை விட்டு இன்னொன்றுக்குப் போக வேண்டுமானால், விட்டுப்போகிற துறையில் முதலாண்டுப் பாடங்கள் எல்லாவற்றிலும் தேறியிருக்க வேண்டுமாம். நீச்சல் தெரிந்தால்தான் கரையேற்றுவோம் என்று மூழ்குகிறவனிடம் சொல்கிற கதைதான்.

சின்னவள் அந்த விதியோடு சண்டை போடவில்லை. தேறிக் காட்டினாள். கணினித் துறையின் அந்த ஜன்னல் இல்லாத ஆய்வுக்கூடத்தில், உடம்பு விறைக்கிற குளிரில், வரிசை வரிசையாக வைத்த திரைகளுக்கு முன்னால் ஒரு வருஷம் உட்கார்ந்தாள். கஷாயம் குடிக்கிற மாதிரி மூக்கைப் பிடித்துக்கொண்டு எல்லாப் பாடத்தையும் முழுங்கினாள்.

அவளைக் கணினியில் சேர்த்தது அக்காவின் கணவர். அப்பா அம்மா போன பிறகு அக்கா வீட்டில்தான் வளர்ந்தாள், வீட்டில் அவளுக்குப் பெயரே சின்னவள்தான். அத்தான் கெட்டவர் இல்லை. விண்ணப்பம் நிரப்பும்போது "உனக்கு என்னம்மா விருப்பம்?" என்று கேட்கத்தான் செய்தார். அவள் வாயைத் திறப்பதற்குள் கணினி என்று எழுதி முடித்திருந்தார்.

அவள் சொல்ல நினைத்தது நிலவியல். சின்ன வயதிலிருந்தே பாவாடைப் பையில் கல் பொறுக்கிக்கொண்டு வருவாள். துவைக்கும்போது கல் உருண்டு விழ, அக்கா தலையில் அடித்துக்கொள்வாள். மற்றவர்கள் பஸ்ஸில் போகும்போது கடைகளைப் பார்ப்பார்கள், இவள் கட்டடங்களின் அடிச்சுவரைப் பார்த்துக்கொண்டு போவாள். எந்த வங்கியின் தரை எந்தக் கல் என்று கேட்டால் சொல்லுவாள். யாரும் கேட்டதில்லை, அது வேறு விஷயம்.

நிலவியலில் இடம் காலியில்லை. இருபக்கமும் சம்மதித்து இடத்தை மாற்றிக்கொள்வது ஒன்றே வழி. அங்கிருந்து ஒருவர் இங்கே வர வேண்டும், இங்கிருந்து ஒருவர் அங்கே போக வேண்டும். பதிவாளர் அலுவலக வராந்தாவில் அதற்கென்றே ஒரு பலகை உண்டு. வாடகைக்கு வீடு தேடுகிறவர்களைப் போல ஆளாளுக்குச் சீட்டு எழுதிக் குத்தியிருப்பார்கள். அதில் ஒன்று: 'நிலவியல் தருகிறேன். கணினி யாராவது தந்தால் போதும். கும்பிடுகிறேன்.'

எழுதியவன் நெட்டை. கதவு நிலைக்குக் குனிந்தே பழகிய உயரம். மதிப்பெண் கொஞ்சம் குறைந்ததால் நிலவியலில் வந்து விழுந்தவன். "எல்லாக் கல்லும் எனக்குச் சாம்பல் கலர்ல கல்லாத்தான் தெரியுது. நீ எப்படிங்க இதைப் போய் விரும்பிக் கேக்கற?" என்றான். மரியாதையா இல்லையா என்று தீர்மானிக்க முடியாத அந்த வாக்கியத்துக்கு அவள் சிரித்துவிட்டாள்.

ஜோடியைத் தேர்வு முடிவு வருவதற்கு முன்பே பதிய வேண்டும். பதிந்த பிறகு ஆளை மாற்றக் கூடாது. இருவரும் தேறிய பின், குறித்த நாளுக்குள் இருவரும் வந்து கையெழுத்திட்டால்தான் மாற்றம் செல்லும். அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்பதும் கிடையாது, முதலாண்டு முடிவில் மட்டும்தான். இதையெல்லாம் விளக்கிய எழுத்தர் அம்மாள், முத்திரையை ஓங்கிக் குத்திவிட்டுச் சொன்னாள்: "கல்யாணத்தைக்கூட ரத்து பண்ணிக்கலாம். இந்த ஜோடியை மாத்த முடியாது. ரெண்டு பேரும் யோசிச்சீங்கல்ல?"

"யோசிச்சாச்சு மேடம்" என்று இரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

முடிவு வந்தது. அவள் எல்லாவற்றிலும் தேறியிருந்தாள். நெட்டை கனிமங்களை அடையாளம் காணும் செய்முறைத் தேர்வில் கோட்டை விட்டிருந்தான். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டான் என்பார்கள். இங்கே பூசாரி, தட்டில் வரிசையாக வைத்த கற்களாக வந்து வழி மறித்தான். விடுமுறையில் ஒரு மறுதேர்வு உண்டு. அதிலும் போனால் இரண்டு பேருமே போன மாதிரிதான்.

"நான் சொல்லித் தரேன்" என்றாள் சின்னவள்.

"உனக்கு யாரு சொல்லிக் குடுத்தா?"

"யாரும் இல்ல. எனக்குப் பிடிக்கும், அவ்வளவுதான்."

ஆய்வுக்கூடம் விடுமுறைக்குப் பூட்டிக் கிடந்தது. அதனால் ஊரையே ஆய்வுக்கூடம் ஆக்கினாள். பென்சில் முனையையும் சாக்கட்டியையும் நகத்தால் சுரண்ட வைத்தாள். நகம் கீறினால் மிருது, செப்புக் காசு கீறினால் கொஞ்சம் கெட்டி, கத்திக்கும் மசியாவிட்டால் கண்ணாடியில் தேய்த்துப் பார். உடைந்த குளியலறை ஓட்டைத் திருப்பிப் போட்டு, அதன் சொரசொரப்பான முதுகில் கல்லை இழுக்கச் சொன்னாள். கல்லின் நிறம் ஏமாற்றும், அது விடுகிற கோட்டின் நிறம் ஏமாற்றாது. கறுப்பாக மினுங்கிய ஒரு துண்டு செங்கல் நிறத்தில் கோடு விட்டதும் நெட்டை திரும்பத் திரும்ப இழுத்துப் பார்த்தான். அவளுடைய பூதக்கண்ணாடியில், விரல் நுனி அளவுதான் இருக்கும், சமையலறை உப்பைக் காட்டினாள். "அட, பெட்டி பெட்டியா இருக்கு" என்றான். "யாரு வெட்டினா?"

"யாரும் வெட்டல. அதுவா அப்படி வளருது."

அவன் கொஞ்ச நேரம் கண்ணை எடுக்கவில்லை.

முதலில் அவளுக்கு அழுகைதான் வந்தது. அவ்வளவு மக்கு. கல்லில் நார் உரிக்கிற வேலை என்று ஒரு நாள் வாய்விட்டே சொல்லிவிட்டாள். "அதைத்தான் நானும் சொல்றேன். கல்லுல எங்கயாவது நார் வருமா?" என்று அவன் கையை விரித்தான். அவள் அவனை, விடுமுறையிலும் திறந்திருந்த நிலவியல் துறைக் காட்சிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போய், மூடிய கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த கல்நாரைக் காட்டினாள். பாதி கல்லாகவும் பாதி வெளுத்த நூலாகவும் பிரிந்து கிடந்தது. "கூரைத் தகடெல்லாம் இதுலதான் பண்ணாங்க. மூச்சுல போனா நுரையீரலைக் கெடுத்துடும், அதான் பூட்டி வச்சிருக்காங்க." நெட்டை பெட்டியில் மூக்கு ஒட்டும் அளவுக்குக் குனிந்தான். "நெஜமாவே உரிச்சிருக்காங்க, வாத்தியாரம்மா" என்றான். அன்றிலிருந்து அவளுக்கு அதுவே பெயர்.

நீதிமன்றத்துப் படிகள் சுண்ணாம்புக்கல். ஒரு மத்தியானம் அவனை அங்கே கூட்டிப்போய் மூன்றாவது படியில் தண்ணீர் தெளித்தாள். ஈரத்தில் சிப்பிகள் எழும்பின. நத்தை ஒன்று தன் சுருளோடு அப்படியே இருந்தது.

"இங்க கடல் இருந்துச்சா?"

"இந்தக் கல்லை வெட்டின இடத்துல இருந்துச்சு."

"நாம பொறக்கறதுக்கு முன்னாடியா?"

"பொறக்கறதுக்கு மனுஷ ஜாதியே இல்லாதப்ப."

கறுப்புக் கோட்டுக்காரர்கள் அவனைத் தாண்டித் தாண்டிப் போனார்கள். ஒருவர், "தம்பி, வழக்கு உள்ள நடக்குது, வெளிய இல்ல" என்று கிண்டலடித்தார். நெட்டை எழுந்திருக்கவே இல்லை. வெயில் ஈரத்தைக் குடித்ததும் சிப்பிகள் மறைந்தன. அவன் தன் குடிதண்ணீர் மொத்தத்தையும் படியில் ஊற்றினான்.

அப்போதாவது அந்தப் பெண்ணுக்கு உறைத்திருக்க வேண்டாமா? பாடத்தில் இல்லாததையெல்லாம் அவன் கேட்க ஆரம்பித்திருந்தான். ரயில் தண்டவாளத்து ஜல்லியை அவனாகவே பொறுக்கிவந்து, "இதுல இந்தப் பளபளப்பு மைக்காதானே?" என்று நீட்டினான். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் என்பார்கள். இவள் கூடை கூடையாகப் போட்டுக்கொண்டிருந்தாள், சிரித்துக்கொண்டே. தான் நேசிப்பதை இன்னொருவன் காதுகொடுத்துக் கேட்பது அவளுக்கு அதுதான் முதல் தடவை. அந்தச் சந்தோஷத்தில் கண் மறைத்துவிட்டது.

மறுதேர்வுக்கு முன்னால் பூதக்கண்ணாடியை அவன் கையில் வைத்தாள். "பத்திரம். திருப்பித் தரணும்."

"கையெழுத்துப் போடற அன்னைக்குத் தரேன்."

அவன் தேறினான். வெறுமனே இல்லை, அந்தத் தட்டிலிருந்த கற்கள் அனைத்தையும் சரியாகச் சொன்னான். செய்தி கேட்டுச் சின்னவள் அக்காவைக் கட்டிப்பிடித்துச் சுற்றினாள். அக்கா, "அத்தானுக்கு நான் சொல்லிக்கறேன், நீ கையெழுத்தப் போட்டுட்டு வா" என்று முதல்முறையாக அவள் பக்கம் பேசினாள். சின்னவள் அன்றே கணினிப் புத்தகங்களைக் கயிற்றால் கட்டி, நெட்டைக்குக் கொடுக்க மூலையில் வைத்தாள்.

கையெழுத்துக்குக் கடைசி நாள். அவள் காலையிலேயே போய்த் தன் இடத்தில் கையெழுத்திட்டுவிட்டு வராந்தாப் பெஞ்சில் உட்கார்ந்தாள். நெட்டை வரவில்லை. போன் அடித்தால் எடுக்கவில்லை. எழுத்தர் அம்மாள் சாப்பிட்டு வந்து, கண்ணாடியைத் துடைத்து, ஜன்னல் வழியாக எட்டிப்பார்த்து, "என்னம்மா, மாப்பிள்ளை இன்னும் வரலையா?" என்றாள்.

சாயங்காலம் வந்தான். செருப்பு, கால்சட்டை எல்லாம் வெள்ளைத் தூசி. கண் மட்டும் பளிச்சென்று இருந்தது.

"எங்க போன? எத்தனை தடவை அடிச்சேன்!"

"குவாரிக்கு. நேத்து வாத்தியார் கூட்டிட்டுப் போனார், ராத்திரி அங்கயே தங்கிட்டோம்." அவன் மூச்சு வாங்கினான். "ஒரு முழு மலையை நெடுக்க வெட்டிவச்சிருக்காங்க. அடுக்கு அடுக்கா… கீழ மணல், மேல களிமண், அதுக்கு மேல நீ காட்டினியே, அந்தச் சிப்பி. கையை வச்சா ஒரு அடுக்குல இருந்து இன்னொரு அடுக்குக்கு…"

அவள் அப்படி ஓர் இடத்தைப் பார்த்ததே இல்லை. பார்க்கப்போகிற இடம் என்று வைத்திருந்தாள்.

"சரி, அப்புறம் சொல்லு. முதல்ல போடு" என்று பேனாவை நீட்டினாள்.

அவன் வாங்கவில்லை.

சிலருக்கு இடி விழுவதற்கு முன்னால் சத்தம் கேட்கும் என்பார்கள். அவளுக்கு எதுவும் கேட்கவில்லை. பேனாவை நீட்டியபடியே நின்றாள்.

"என்னால முடியல" என்றான்.

"என்ன முடியல?"

"போக முடியல. போறதுக்குத்தான் படிச்சேன், சத்தியமா. படிச்சு முடிச்சதும் போக மனசு வரல. என் மேல கோபப்படு, அடி, என்ன வேணா பண்ணு."

"உனக்குச் சொல்லிக் குடுத்ததே நீ போறதுக்குத்தானேடா!" அவள் குரல் வராந்தா முழுக்கக் கேட்டது. "நான் எங்க போவேன்? அந்த ரூமுக்குள்ள இன்னும் மூணு வருஷம் நான் எப்படி உக்காருவேன்? உனக்கு வேண்டாம்னுதானே சீட்டு எழுதிக் குத்தின? கும்பிடறேன்னு எழுதினியே!"

"அப்ப எனக்குத் தெரியாது."

"நான் கும்பிடறேன். இப்ப நான் கும்பிடறேன்." நிஜமாகவே கை கூப்பினாள். வெட்கம் மானம் எல்லாம் எங்கோ போயிருந்தது. நெட்டை தலையைக் குனிந்துகொண்டு அழுதான். அழுதானே தவிர, பேனாவைத் தொடவில்லை. அவன் அழுகை பொய்யில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. அவன் என்ன நினைக்கிறான் என்பதும் தெரிந்தது, ஏனென்றால் அதெல்லாம் அவள் நினைத்தது. யாரைத் திட்டுவது? அவன் இடத்தில் அவள் இருந்தாலும் போட்டிருக்க மாட்டாள்.

"ஒரு பக்கக் கையெழுத்து செல்லாதும்மா" என்றாள் எழுத்தர் அம்மாள், முன்பிருந்த கிண்டல் இல்லாமல். "நான் நேரத்தை இழுத்துப் பார்த்துட்டேன். ஜன்னலை மூடணும்." மூடினாள்.

நெட்டை பூதக்கண்ணாடியைப் பெஞ்சின் மேல் வைத்துவிட்டுப் போனான். கையெழுத்து நாளில் தருவதாகச் சொன்னதை மட்டும் காப்பாற்றினான்.

வீட்டில் அத்தான் விஷயம் கேட்டு நாற்காலியில் நிம்மதியாகச் சாய்ந்தார். "எல்லாம் நல்லதுக்குத்தான். கல்லை வச்சுக்கிட்டு என்ன பண்ணுவ, யார் மேலயாவது எறியறதுக்கா?" அக்கா அவரை முறைத்தாள். சின்னவள் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்தில் அழுதாள். உடைந்த ஓடு இன்னும் மூலையில்தான் இருந்தது, முதுகெல்லாம் நெட்டை இழுத்த கோடுகளோடு. வெளியே வந்து புத்தகக் கட்டின் கயிற்றை அவிழ்த்தாள். முடிச்சை அவளேதான் இறுக்கிப் போட்டிருந்தாள். பிரிக்க வெகுநேரமானது.

அதன்பிறகு அந்தக் குளிர் அறை, அந்தத் திரைகள். பஸ்ஸில் இப்போது அவளும் கடைகளைப் பார்த்துக்கொண்டு போகப் பழகியிருந்தாள்.

மழைக்காலம் முடிகிற ஒரு சாயங்காலம், பஸ் நிறுத்தத்தில் நெட்டை ஓடிவந்தான். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் புதுப் பூதக்கண்ணாடி. நடந்ததையெல்லாம் மறந்தவன் போல, இல்லை, அதை நினைக்கவே நேரமில்லாத அவசரத்தில் இருப்பவன் போல, உள்ளங்கையை விரித்தான். பட்டை பட்டையாக, நீல நிறத்தில் ஒரு கல்.

"வாத்தியாரம்மா, இதைப் பாரேன். சார் ஊர்ல இல்ல, நாளைக்கு வரைக்கும் என்னால பொறுக்க முடியல. நீளவாக்குல கத்தி கீறுது, குறுக்க கீற மாட்டேங்குது. ஒரே கல்லு எப்படி ஒரு பக்கம் மிருதுவா, ஒரு பக்கம் கெட்டியா இருக்கும்?"

அவள் கை அவளைக் கேட்காமலே கல்லை வாங்கியது. பார்த்த மாத்திரத்தில் அதன் பெயர் தெரிந்துவிட்டது. எந்தப் புத்தகத்தின் எந்தப் பக்கத்தில் அதன் படத்தைப் பார்த்து ஒரு ராத்திரி முழுக்கத் தூங்காமல் கிடந்தாள் என்பதும் நினைவுக்கு வந்தது. கையில் பிடித்தது இதுதான் முதல்முறை. கட்டைவிரல் அந்த நீலப் பட்டையின் நீளத்தை ஒருதரம் தடவிப் பார்த்தது.

"தெரியல" என்று திருப்பிக் கொடுத்தாள்.

"உனக்கா தெரியல?"

"நான் கம்ப்யூட்டர் படிக்கிறவ. எனக்கு எப்படித் தெரியும்?"

பஸ் வந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து திரும்பிப் பார்த்தாள். நெட்டை இவளைப் பார்க்கவில்லை. கல்லை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, நடைபாதையில் போகிறவர்கள் இடிப்பதுகூடத் தெரியாமல் நின்றிருந்தான்.

"கயனைட்" என்றாள் ஜன்னலைப் பார்த்து.

பக்கத்து இருக்கையிலிருந்த அம்மாள் திரும்பினாள். "என்னம்மா, என்னையா கேட்ட?"

"ஒண்ணுமில்லங்க" என்றாள் சின்னவள்.