தெசங்காவின் கை

நிஷ் நகரத்தில் எங்கள் நெசவாலை கட்டும் வீடுகள் யாருக்கு என்பதையும் தொழிலாளர் மன்றமே வாக்கெடுத்து முடிவு செய்யும். இம்முறை இருந்தது ஒரே வீடு. ஆலை ஹாஸ்டலில் தனியாக இருக்கும் இஞ்சினியர் நானும் கேட்டிருந்தேன், மூன்று பிள்ளைகளோடு ஈர நிலவறையில் குடியிருக்கும் தறிக்காரி தெசங்காவும் கேட்டிருந்தாள்.

"பொண்டாட்டிய பறிகொடுத்த மனுஷன். இஞ்சினியருக்கே குடுப்போம்," என்றார் தலைவர் ரதோயே.

தனியாளுக்கு எதற்கு என்று நான் சொல்லியிருக்க வேண்டும். மேசையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். கைகள் உயர்ந்தன. தெசங்காவின் கையும் உயர்ந்தது.

"ஏன்டி, உனக்கென்ன கிறுக்கா?" என்று ஒருத்தி சிரித்தாள்.

"மிலேனா என் பக்கத்துத் தறில நின்னவ. அவ புருஷன் ஹாஸ்டல்ல கெடக்கலாமா?"

எழுந்தேன். "தோழரே, வீட்ட அவங்களுக்கே குடுத்துருங்க."

"அவ கையத் தூக்கினப்புறந்தான் உனக்கு வாய் வந்துச்சா?" என்றார் ரதோயே.

தெசங்கா பக்கம் நான் திரும்பவில்லை.